வாடகை வீட்டு வெந்நீர்: கரண்ட் பில்லை ஏற்றும் தவறுகள்

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் போன மார்கழியில் கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, பாத்ரூம் ஹீட்டர் 2000 வாட்ஸாம். அதை நிறுத்திட்டு 1500 வாட்ஸ் ராடு வாங்கிட்டா கால்வாசி மிச்சம்தானே?"

வெந்நீர்ச் செலவில் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறே இதுதான். வாட்ஸைப் பார்த்துப் பயப்படுகிறோம், லிட்டரைக் கவனிப்பதில்லை.

வாட்ஸ் என்பது வேகம். தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் சுடும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். யூனிட் ஓடுவது, எத்தனை லிட்டரை எத்தனை டிகிரி ஏற்றினோம் என்பதைப் பொறுத்து. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி மின்சாரம் வேண்டும் (1000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). எந்தக் கம்பெனியின் ஹீட்டரானாலும் இது மாறாது. மார்கழிக் காலையில் சென்னையில் குழாய்த் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இதமாகக் குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டர் வாளி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 0.35 யூனிட் வருகிறது. 3000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் ஹீட்டர் இதை 7 நிமிடத்தில் முடிக்கும். 2000 வாட்ஸ் கீசருக்குப் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், 1500 வாட்ஸ் ராடுக்கு 14 நிமிடம். மூன்றிலும் மீட்டர் ஓடுவது அதே 0.35 யூனிட்தான்.

கொடைக்கானலில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் வந்தால் அதே வாளிக்கு 0.58 யூனிட் ஆகும். அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியும் இன்னும் கனமாகவே பொருந்தும்.

ஷவரும் சூடும்

இப்போது லிட்டருக்கு வருவோம். நாலு பேர் வீட்டில் ஆளுக்கொரு வாளி வெந்நீர் என்றால் இரண்டு மாதத்தில் 84 யூனிட். அதே நாலு பேரும் ஷவரின் கீழே எட்டு நிமிடம் நின்றால்? சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டுகிறது என்று வைத்தாலும் ஒரு குளியலுக்கு 64 லிட்டர், 1.1 யூனிட். இரண்டு மாதத்துக்குச் சுமார் 268 யூனிட்! ஹீட்டரை மாற்றி, பிராண்டை மாற்றி எவ்வளவு தேடினாலும் இந்த அளவு மிச்சம் கிடைக்காது. ஷவரை விடவே முடியாது என்பவர்கள் சோப்புப் போடும்போதாவது மூடிவிடுங்கள். அதிலேயே பாதி நேரம் குறையும்.

சூட்டையும் பார்க்க வேண்டும். 40 டிகிரிக்குப் பதில் 43 டிகிரியில் விளாவினால் ஏதோ மூன்று டிகிரிதான் என்று தோன்றும். ஆனால் நாம் ஏற்றுவதே பதினைந்து டிகிரிதான். அதில் மூன்று கூடினால் செலவு ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது.

மொட்டை மாடியில் கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டி இருக்கும் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். பகல் வெயிலில் தொட்டித் தண்ணீர் நன்றாகச் சூடேறிவிடும். சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தால் மழையில்லாத மார்கழி நாளிலும் வெதுவெதுப்பாக வரும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளை அப்போதே குளிக்க வைத்துவிட்டால் ஹீட்டரே வேண்டாம். மாசி முடிந்த பிறகும் பழக்கத்தில் தினமும் காலையில் சுவிட்சைத் தட்டுபவர்கள் நிறைய. நாங்கள் பங்குனி பிறந்ததும் ஹீட்டர் சுவிட்சின் மேல் ஒரு டேப்பை ஒட்டிவிடுவோம். கை தானாகப் போவதை அது தடுக்கிறது.

ஊறிக்கொண்டே இருக்கும் ஹீட்டர்

"அடிக்கடி அணைத்துப் போட்டால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும், போட்டே வைத்துவிடு" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது தவறு. டாங்கில் நிற்கும் சுடுதண்ணீர் சுவர் வழியே சூட்டை இழந்துகொண்டே இருக்கும். அது ஆறும்போதெல்லாம், சூட்டைப் பார்த்துத் தானாகப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் மறுபடி சுட வைக்கும். பழைய ஹீட்டரை நாள் முழுவதும் போட்டு வைத்தால், ஒரு சொட்டு வெந்நீர் எடுக்காமலே அரை யூனிட்டில் இருந்து ஒரு யூனிட் வரை போய்விடும். இரண்டு வாளி வெந்நீருக்கு ஆகும் கரண்ட் அது.

15 லிட்டர், 2000 வாட்ஸ் கீசர் 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்கு வர 18 நிமிடமும் 0.6 யூனிட்டும் ஆகும். அந்த 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும். ஒன்றே முக்கால் வாளி. அதாவது ஒரு தடவை சுட வைத்தால் இரண்டு பேர் குளிக்கலாம். ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் ஒன்பது மணிக்கும் என்று குளித்தால் நடுவே ஆறிய சூட்டுக்கு மறுபடி காசு கொடுக்கிறோம். அடுத்தடுத்துக் குளிப்பதுதான் வழி. ஒருவர் மட்டும் குளிக்கும் நாளில் பத்து நிமிடம் போட்டு அணைத்தால் போதும், முழு டாங்கையும் காய்ச்ச வேண்டியதில்லை.

தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்திருப்பதும் இதே வகைத் தவறு. கொதிக்கக் கொதிக்க வைத்துவிட்டுப் பிறகு விளாவத்தான் போகிறோம் என்பதால், எடுத்துப் பயன்படுத்தும் தண்ணீரில் பெரிய வித்தியாசம் இருக்காது. டாங்கில் மிஞ்சி நிற்பதில்தான் நஷ்டம். 55 டிகிரி போதும். 50-க்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள், வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் கிருமி வளரும். சில ஹீட்டர்களில் இந்தத் திருகு உள்ளே மூடிக்குள் இருக்கும். அதை எலக்ட்ரீஷியன்தான் தொட வேண்டும்.

வீட்டுக்காரர் புது ஹீட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னால், ஐந்து ஸ்டாருக்காகச் சண்டை போடுவதைவிட 25 லிட்டருக்குப் பதில் 10 அல்லது 15 லிட்டர் கேளுங்கள். டாங்க் வைத்த ஹீட்டர்களுக்குத் தரப்படும் ஸ்டார், சும்மா நிற்கும்போது ஆறிப்போகும் சூட்டை வைத்துக் கொடுப்பது. இருபது நிமிடம் போட்டு அணைப்பவருக்கு அதனால் கிடைப்பது கொஞ்சம்தான்.

கடைசி யூனிட்டின் விலை

தனி இ.பி. மீட்டர் இருக்கும் வீட்டில் பலரும் பில் தொகையை யூனிட்டால் வகுத்து, "யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய்தானே" என்று நினைக்கிறார்கள். வெந்நீருக்கு அந்தச் சராசரி பொருந்தாது. விளக்கும் ஃபேனும் ஃப்ரிட்ஜும் எப்படியும் ஓடத்தான் போகின்றன. ஹீட்டருக்கு ஆகும் யூனிட்டுகள்தான் மேலே வந்து உட்காருபவை. நம் ஊரில் மேல் படி ஏற ஏற விலையும் ஏறும்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன், எண்கள் முழுசாக இருப்பதால் கணக்கு எளிது. 2024 ஜூலையில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது. அந்த 2022 கட்டணப்படி இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய் சலுகை போய், 101-ல் இருந்தே 4.50 ஆகிவிடும். 500-க்கு மேல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய்.

ஹீட்டர் இல்லாமல் 420 யூனிட் ஆகும் வீட்டுக்கு பில் 1,245 ரூபாய். நாம் பார்த்த அந்த 84 யூனிட் சேர்ந்தால் 504. பில் 1,982 ரூபாய்! வெந்நீருக்கு மட்டும் 737 ரூபாய், யூனிட்டுக்கு எட்டே முக்கால் ரூபாய்க்கு மேல். அதே வீடு 500-லேயே நின்றிருந்தால் 1,725-தான். கடைசி நாலு யூனிட்டுக்கு 257 ரூபாய் போயிருக்கிறது. ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் மீட்டரை ஒருதரம் பார்த்துவிட்டால், அந்த நாலு யூனிட்டை நிறுத்த நிறைய வழி இருக்கிறது. மூன்று நாள் நாலு பேரும் பச்சைத் தண்ணீரில் குளித்தாலே சரியாகிவிடும்.

வீட்டுக்காரரின் இணைப்பில் இருந்தே நமக்குக் கரண்ட் கொடுத்து, அளக்க மட்டும் தனியாக மாட்டியிருக்கும் சப் மீட்டர் வீட்டில் கதையே வேறு. யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து ரூபாய் என்று ஒரே விலை. 100 யூனிட் இலவசமும் ஒரு இணைப்புக்கு ஒருமுறைதான் என்பதால் பெரும்பாலும் நமக்கு வராது. பத்து ரூபாய் விலையில் அந்த 84 யூனிட் 840 ரூபாய். வீடு பார்க்கப் போகும்போது அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால், "தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட் என்ன விலை?" என்று கேட்காமல் விடுவதுதான் வாடகைக்கு இருப்பவர் செய்யும் பெரிய தவறு என்பேன்.

சப் மீட்டரை நம்பிக்கொண்டே இருப்பதும் தவறுதான். முன்பு இருந்த வீட்டில் குளிர்கால பில் திடீரென்று எகிறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தேன், ஃப்ரிட்ஜ் உட்பட. மாடிப்படிக்குக் கீழே குந்தி, போன் டார்ச்சில் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டேன். எதுவும் ஓடாதபோது சிவப்பு விளக்கு கண் சிமிட்டக் கூடாது. ஆனால் அது மெதுவாகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது! படிக்கட்டு விளக்கும் வாசல் விளக்கும் எங்கள் லைனில் கொடுக்கப்பட்டிருந்தன. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அய்யோ, இது எனக்கே தெரியாதும்மா" என்றவர் அந்த வாரமே ஆள் வைத்து மாற்றிக்கொடுத்தார்.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவும் ஹீட்டரே உதவும். டாங்கில் பச்சைத் தண்ணீர் இருக்கும்போது 2000 வாட்ஸ் ஹீட்டரை மட்டும் சரியாகப் பதினைந்து நிமிடம் போடுங்கள். மீட்டர் அரை யூனிட் ஏற வேண்டும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் 0.4 வரை வரலாம். 0.7 காட்டினால் மீட்டரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

ராடு, அடுப்பு, கேஸ் கீசர்

ராடு கெட்டதல்ல. குழாயில் தங்கிப் போகும் சூடு இல்லை, வீடு மாறும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அதில் தெர்மோஸ்டாட் கிடையாது. 14 நிமிடத்தில் எடுக்க வேண்டியதை அரை மணி மறந்தால் 0.75 யூனிட். போனில் அலாரம் வைக்காமல் ராடு போடாதீர்கள். 1500 வாட்ஸ் ராடு 6.5 ஆம்ப்ஸ் இழுக்கும். ஃபேன், சார்ஜர் மாட்டும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்ப்ஸுக்குத்தான். அதில் தினமும் மாட்டினால் பாயின்ட் உருகிக் கறுத்துப்போகும். பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூடாது. அப்புறம், சூடு பதம் பார்க்கத் தண்ணீரில் விரல் வைப்பதற்கு முன்னால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். காசு மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு.

அடுப்பில் காய்ச்சினால் லாபமா என்று கேட்பார்கள். 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 300 வாளி காய்ச்சலாம். உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 300-ஆல் வகுத்து, உங்கள் யூனிட் விலையில் 0.35 யூனிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வராது. கொதிக்கும் அண்டாவைப் பிள்ளைகள் ஓடும் வீட்டில் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு அந்தச் சில காசு ஈடாகாது. கேஸ் கீசரை மூடிய பாத்ரூமுக்குள் மாட்டுவது கூடவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, மயங்கும்போதுகூடத் தெரியாது.

உப்புத் தண்ணீர்

போர் தண்ணீர் வரும் வீட்டில் காயிலில் வெள்ளையாக உப்புப் படியும். இதனால் கரண்ட் இரண்டு மடங்கு இழுக்கும் என்று சொல்லிப் பயமுறுத்தி சர்வீஸுக்குப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். காயில் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, அதன் சூடு வேறெங்கும் போகாது. உண்மையான நஷ்டம் வேறு: உப்புக் கவசத்துக்குள் காயில் அதிகமாகச் சூடேறி எரிந்துபோகும், டாங்க் ஓட்டையாகும். அதனால் ஐப்பசியில் மழை தொடங்குமுன் ஒருதரம் கழற்றிச் சுத்தம் செய்து, டாங்க் அரிக்காமல் காக்க உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

அதற்கு யார் பணம் கொடுப்பது? 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், உட்புற, வெளிப்புற ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. பத்து வருடப் பழைய ஹீட்டர் இருக்கும் வீட்டுக்கு அக்ரிமென்ட் போடும்போது, "ஹீட்டர் காயில், டாங்க் போனால் வீட்டுக்காரர் செலவு" என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எதிர் வீட்டுப் பெண் இந்த முறை புதுப்பிக்கும்போது அந்த வரியைக் கேட்டாள். வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டாங்குக்கு நான், காயிலுக்கு நீங்க" என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.