சைக்கிளுக்கும் நடைக்கும் ஒரே சப்பாத்து

சைக்கிள் சப்பாத்து வாங்கும்போது கடையிலேயே இரண்டு கையாலும் மடக்கிப் பாருங்கள். விரல் வரும் முன்பகுதி மட்டும் கொஞ்சம் மடங்க வேண்டும், நடுப்பகுதி விறைப்பாக நிற்க வேண்டும். நடக்கும்போது கால் மடங்குவது விரல் மூட்டில்தான். பெடலை மிதிக்கும்போது நடுப்பகுதி வளைந்தால் உள்ளங்கால் வலிக்கும். இரண்டு வேலைக்கும் ஒரே அடிப்பாகம் ஒத்துவருவது அதனால்தான்.

கிளீட், அதாவது சப்பாத்தைப் பெடலோடு பிணைக்கும் சின்னத் துண்டு, பூட்டுகிற சப்பாத்து என்றால் அடியில் இரண்டு திருகாணி போடும் வகையாகப் பாருங்கள். அதில் கிளீட் ரப்பருக்குள் பதிந்திருக்கும். கிளீட்டைப் பூட்டி சமதரையில் வைத்தால் ரப்பர்தான் முதலில் தரையைத் தொட வேண்டும். மூன்று திருகாணி வகையில் கிளீட் வெளியே துருத்தி நிற்கும். தோட்டத்து ரோட்டு ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அதுவும் நுவரெலியா மழையில், நனைந்த கொங்கிரீட்டில் சறுக்கும். சரளைக் கல்லில் தேய்ந்தும் போகும்.

அளவு பார்ப்பது பின்னேரமாக இருக்கட்டும், நடந்து திரிந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். குளிருக்குப் போடும் தடித்த காலுறையையும் கொண்டு போங்கள்.

இறங்கி நடக்காமல் காப்பெட் வீதியில் நாள் முழுக்க வேகமாக ஓட்டுபவருக்கு இது பொருந்தாது. முழு விறைப்பான சப்பாத்துதான் அவருக்குச் சரி. சாதாரணத் தட்டைப் பெடல் என்றால் கிளீட் செலவே வேண்டாம். பிடிப்புள்ள ரப்பர் அடி போதும், ஆனால் மடக்கிப் பார்க்கத்தான் வேண்டும்.