மையின் மேல் பழி போடும் முன்

என் மேசை இழுப்பறையின் பின்மூலையில் எட்டு மைப் புட்டிகள் கிடந்தன. எல்லாமே முக்காலுக்கு மேல் நிறைந்தவை. ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு முறை பேனாவில் நிரப்பி, முகம் சுளித்து ஒதுக்கியவை. சென்ற மாதம் ஒரு முழு நாள் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மறுபடி எழுதிப் பார்த்தேன். ஏழு மைகளில் எந்தக் கோளாறும் இல்லை. பொருந்தாத பேனாவில் ஊற்றி, பொருந்தாத தாளில் எழுதி, அவற்றால் முடியாததை அவற்றிடம் கேட்டு, நான்தான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எட்டாவது மட்டும் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது. அதன் கதை கடைசியில்.

மையிடம் ஒரு விசித்திரம் உண்டு. எந்தக் குணத்துக்காக அதை வாங்குகிறோமோ, அந்தக் குணமே பிற்பாடு குறையாக வந்து நிற்கும். தண்ணீர் பட்டாலும் கரையாத மை, பேனாவுக்குள் காய்ந்தாலும் கரையாது. சட்டென்று உலரும் மை, தாளுக்குள் சட்டென்று இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். தாராளமாக ஓடும் மை கையிலும் தாராளமாக ஒட்டும். வாங்கும்போது முதல் பாதியை மட்டும் பார்க்கிறோம். இரண்டாம் பாதி வீட்டுக்கு வந்த பிறகு தெரிகிறது.

படத்தைப் பார்த்து வாங்குவது

என் எட்டுப் புட்டிகளில் ஒன்று நீலப்பச்சை. காய்ந்த எழுத்தைச் சாய்த்துப் பிடித்தால் அதன் மேல் செம்பு தேய்த்தது போல் ஒரு செந்நிற மினுக்கம் ஓடும். அந்த மினுக்கத்தைப் படத்தில் பார்த்துத்தான் வாங்கினேன். நாட்குறிப்பில் இரண்டு வாரம் அதில் எழுதிவிட்டு, பழைய பக்கம் ஒன்றைப் புரட்டினேன். கட்டைவிரல் பட்ட இடத்தில் மூன்று சொற்கள் இழுபட்டு நீலத் தீற்றலாகிவிட்டன. விரலிலும் நீலம். பதினைந்து நாள் காய்ந்த எழுத்து அது.

அந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் வியந்திருக்க மாட்டேன். இவ்வகை மைகளில் சாயம் அளவுக்கு மிஞ்சிக் கலந்திருக்கும். தாள் உறிஞ்சாமல் விட்ட சாயம் மேற்பரப்பிலேயே ஒரு படலமாகக் காய்கிறது. வெளிச்சம் பட்டு மின்னுவது அந்தப் படலம்தான். விரலின் வியர்வை ஈரம் போதும், அது மறுபடி கரைய. மினுக்கம் வேண்டுமென்றால் தீற்றலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வாழ்த்து அட்டைக்கு அந்த மை அருமை. தினமும் பத்து முறை புரட்டும் குறிப்பேட்டுக்கு ஆகாது.

படத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. பஞ்சுக் குச்சியால் பட்டையாகத் தீட்டிக் காட்டும் நிறம் வேறு, மெல்லிய பேனா முள்ளில் வரும் நிறம் வேறு. ஓர் எழுத்துக்குள்ளேயே வெளிறியும் அடர்ந்தும் நிழலாடும் மைகளைப் பலர் தேடி வாங்குகிறார்கள். அந்த நிழலாட்டத்துக்கு, கோடு முடியும் இடத்தில் மை சற்றே தேங்க வேண்டும். தேங்குவதற்குக் கோட்டில் அகலம் வேண்டும். மிக மெல்லிய முள்ளில் அதற்கு இடமே இல்லை. வெளிறிய பாதி மட்டும் கிடைக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டியதுதான். தங்கத்தூள், வெள்ளித்தூள் மிதக்கும் மைகளுக்கும் இதே கதி. தூள் புட்டியின் அடியில் படியும், பேனாவிலும் படியும். பேனாவை அவ்வப்போது உருட்டிவிட்டு அகன்ற முள்ளால் எழுதினால்தான் அது தாளுக்கு வந்து சேரும்.

ஆகவே முழுப் புட்டிக்கு முன் 2 மில்லி லிட்டர் மாதிரி ஒன்றை வாங்கிப் பாருங்கள். ஒரு கன்வெர்ட்டர், அதாவது பேனாவுக்குள் மையை உறிஞ்சி வைத்திருக்கும் சிறு குழாய், பிடிப்பது ஏறத்தாழ அரை முதல் ஒரு மில்லி லிட்டர் வரைதான். மாதிரியே இரண்டு மூன்று முறை நிரப்பக் காணும். 50 மில்லி லிட்டர் புட்டி என்றால் குறைந்தது ஐம்பது முறை. பிடிக்காத நிறத்தோடு அத்தனை நாள் குடித்தனம் நடத்த முடியாது.

முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதுவது

பேனாவைக் கழுவி, உதறி, உடனே புது மையை நிரப்பி எழுதுகிறோம். நிறம் வெளிறியிருக்கிறது. "மை தண்ணீராக இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் நம் தண்ணீர்தான். முள்ளுக்கு அடியில் இருக்கும் கட்டையில் மெல்லிய பள்ளங்கள் வரிவரியாக இருக்கும். உதறினாலும் அவற்றில் ஈரம் தங்கும். முள்ளைக் கீழ்நோக்கி ஒரு மெல்லிய தாளில் சுற்றி ஓர் இரவு நிறுத்திவைத்தால் அந்த ஈரம் முழுதும் இறங்கிவிடும். பொறுமை இல்லையென்றால் ஒரு பக்கம் எழுதித் தள்ளிவிட்டுப் பிறகு நிறத்தைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் இருக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாத பேனாவில் மூன்று வாரம் கிடந்த மையில் தண்ணீர் மெல்ல ஆவியாகிச் சாயம் மட்டும் மிஞ்சுகிறது. வாங்கியபோது வானநீலமாக இருந்தது இப்போது கருநீலமாக, தயங்கித் தயங்கி வருகிறது. மை மாறிவிட்டது என்று புட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். புட்டியில் ஒரு குச்சியை நனைத்து அருகில் கோடு இழுத்தால் உண்மை தெரியும்.

பேனாவும் தீர்ப்பில் பங்கு கேட்கும். சில பேனாக்கள் மையைக் கொட்டும், சில கஞ்சத்தனம் காட்டும். மைகளிலும் அப்படியே: பெலிக்கான் 4001 வரிசை சற்றுக் கட்டுப்பட்டு ஓடும் மை என்றும், பைலட்டின் இரோஷிசுக்கு வரிசை தாராளமாக ஓடும் என்றும் மைப் பேனாக்காரர்களிடையே பெயர். கஞ்சப் பேனாவில் கட்டுப்பட்ட மையை ஊற்றினால் கோடு விட்டுவிட்டு வரும். இரண்டையும் மாற்றிப் போட்டாலே பல புகார்கள் அடங்கிவிடும். என் ஏழில் மூன்று, வேறு பேனாவுக்கு மாற்றிய அன்றே மன்னிப்புப் பெற்றன.

"அழியாத மை" என்ற சொல்லை நம்புவது

ஏமாற்றங்களில் விலை அதிகமானது இதுதான்; பேனாவே போய்விடும்.

அழியாமை என்பது ஒரே குணமல்ல. தண்ணீரில் கரையாமல் நிற்பது ஒன்று. வெயிலில் வெளிறாமல் நிற்பது வேறொன்று. அழிப்பான் பேனாவுக்கு அசையாமல் நிற்பது மற்றொன்று. தண்ணீரைத் தாங்கும் மை வெயிலைத் தாங்காமல் போகலாம். புட்டியின் மேல் "நிரந்தரம்" என்று அச்சிட்டிருந்தால் இவற்றில் எது என்று கேட்க வேண்டும். சோதிப்பது எளிது: இரண்டு வரி எழுதி, பாதியை அட்டையால் மூடி, சன்னல் கண்ணாடியில் சில வாரம் ஒட்டி வையுங்கள். மற்றொரு வரியில் ஒரு நாள் கழித்துத் தண்ணீர் சொட்டு வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செய்யப்படும், துவைத்தால் போகும் ராயல் ப்ளூ மைகள் இரண்டிலும் தோற்கும். அவை அழிவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றால் ஆவணத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருந்திப் பயனில்லை.

தண்ணீருக்கு அசையாத மைகளில் மூன்று வகையைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, ஓவியர்களும் வரைபடக்காரர்களும் தொட்டெழுதும் இந்தியன் இங்க் வகை. அதில் பெரும்பாலும் அரக்கு இருக்கும். அரக்கு காய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடையில் மற்ற மைகளுக்கு அருகிலேயே இருக்கிறது, புட்டியும் அழகாக இருக்கிறது என்று எடுத்து மைப் பேனாவில் ஊற்றிவிட்டால், கட்டையின் பள்ளங்களை அது நிரந்தரமாக அடைத்துவிடும். தொட்டெழுதும் பேனாவுக்கான மையை மைப் பேனாவில் ஊற்றவே கூடாது. இதில் விதிவிலக்குத் தேட வேண்டாம்.

இரண்டாவது, நிறமித் துகள் மை. பிளாட்டினம் நிறுவனத்தின் கார்பன் பிளாக், செய்லர் நிறுவனத்தின் கிவாகுரோ போன்றவை மைப் பேனாவுக்கென்றே மிக நுண்ணிய துகளால் செய்யப்பட்டவை. அன்றாடம் எழுதும் பேனாவில் தொல்லை தருவதில்லை. மாதம் ஒருமுறை திறக்கும் பேனாவில் ஊற்றினால் தரும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த இரும்பு மை. இன்றைய மைப் பேனாக்களுக்கு மென்மையாக்கிய வடிவில் வருகிறது. இதை வாங்கியவர்கள் முதல் நாளே ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன்: "கறுப்பு என்றார்கள், நீலமாக எழுதுகிறது." காத்திருக்க வேண்டும். இரும்புச் சேர்மம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகே கறுக்கும். எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான் நீலச் சாயம் கலக்கிறார்கள். வரியை எழுதிவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால் எழுத்து கறுக்கத் தொடங்கியிருப்பதைப் பார்க்கலாம். பிரிட்டனில் பதிவாளர்கள் பிறப்பு, திருமணப் பதிவேடுகளில் நெடுங்காலம் எழுதியது இவ்வகை மையில்தான். ஆனால் இது அமிலத்தன்மை உள்ளது. பேனாவுக்குள் காய்ந்தால் கரையாத படிவு சேரும். சில வாரங்களுக்கு ஒருமுறை கழுவ முடியாதவர்கள் இதன் பக்கம் போகாதிருப்பது நல்லது.

உடனே உலரும் மைக்கு ஆசைப்படுவது

உலரும் வேகத்துக்காகப் பேனா நிறுவனங்களே சூடுபட்டிருக்கின்றன. பார்க்கர் 1931இல் கொண்டுவந்த குயிங்க் மையின் பெயரே விரைவு, மை என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் கூட்டு. அடுத்த பத்தாண்டில் பார்க்கர் 51 பேனாவுக்கென்று இன்னும் வேகமாக உலரும் மை ஒன்றைச் செய்தார்கள். காரத்தன்மை மிகுந்த அந்த மையை வேறு பேனாவில் ஊற்ற வேண்டாம் என்று தாங்களே எச்சரிக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த சூப்பர்குரோம் மை, அரிக்கும் குணத்தால் பழைய பேனாக்களைச் செப்பனிடுவோரிடம் இன்றைக்கும் திட்டு வாங்குகிறது.

இடக்கையால் எழுதுபவர்களுக்கு உலர்வு உண்மையான தேவை, மறுக்கவில்லை. மற்றவர்கள் மையை மாற்றுவதற்கு முன் முள்ளை ஒரு படி மெல்லியதாக்கிப் பார்க்கலாம். தாளில் இறங்கும் மை குறைந்தால் உலரும் நேரமும் குறையும்.

தாள் செய்யும் குற்றம்

எழுத்தின் ஓரம் மயிர்க்கால் போல் பிரிந்து ஊறுகிறது, மறுபக்கம் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது என்றால் முதலில் தாளைச் சந்தேகியுங்கள். தடித்த தாள் தாங்கும் என்று நினைப்பது பரவலான தவறு. தாள் செய்யும்போது சேர்க்கும் பசைதான் மை ஊறுவதைத் தடுக்கிறது. டோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் சதுர மீட்டருக்கு வெறும் 52 கிராம். பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியது. அதில் மை ஊறுவது அரிது. ஆனால் உலரத் தாமதமாகும். மறுபடியும் அதே கணக்கு.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்தின் மேல்பாதியில் சீராக ஓடிய பேனா கீழ்ப்பாதியில் திக்கித் திக்கி எழுதுகிறதா? உள்ளங்கை அங்கேதான் அழுந்தியிருந்தது. தோலின் எண்ணெய் தாளில் ஏறிய இடத்தில் மை பிடிக்காது. கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டால் போதும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் ஒரு நல்ல மையைப் பழிக்குப் பழியாக முழுதும் கொட்டியிருக்கிறேன்.

கறுப்பு மை தாளுக்குத் தாள் நிறம் மாறுகிறது என்பவர்கள் ஒரு சின்ன வேடிக்கை செய்து பார்க்கலாம். ஒற்றுத்தாளை விரலகலப் பட்டையாக வெட்டி, அடியிலிருந்து சிறிது மேலே ஒரு புள்ளி மை வைத்து, நுனியை மட்டும் தண்ணீரில் நிறுத்துங்கள். ஈரம் ஏற ஏறப் பெரும்பாலான கறுப்புகள் பிரிந்துவிடும்: ஒரு சாயம் முந்திக்கொண்டு ஓடும், இன்னொன்று நடுவில் தேங்கும், மற்றொன்று கிளம்பிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். தாளிலும் சிறு அளவில் இதுவே நடக்கிறது.

கலப்பதும் கழுவுவதும்

இரண்டு மைகளைப் பேனாவுக்குள்ளேயே கலக்காதீர்கள். அமில மையும் கார மையும் சந்தித்தால் வண்டல் பிரிந்து அடைத்துக்கொள்ளலாம். கலக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் கலந்து, சில நாள் விட்டு, அடியில் ஏதும் படிகிறதா என்று பாருங்கள். கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணீர் போதும். கொதிநீர், ஆல்கஹால், நகப்பூச்சு நீக்கும் திரவம் மூன்றும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். கண்ணாடி போல் தெரியும் பேனாக்களில் சிவப்பும் ஊதாவும் கறை விடுவதுண்டு. கறை தாங்காத மனம் இருந்தால் அவற்றை வேறு பேனாவில் ஊற்றுங்கள்.

இனி எட்டாவது புட்டி. பழுப்பு மை. திறந்ததும் நனைந்த சாக்கு நாற்றம். குச்சியை விட்டுத் தூக்கினால் நூல் நூலாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பூஞ்சை. மை தயாரித்தவரைத் திட்டத் தொடங்கினேன். பாதியில் நினைவு வந்தது. பல மாதம் பேனாவில் கிடந்த மிச்சத்தை, வீணாக்க மனமில்லாமல், அதே புட்டிக்குள் நான்தான் திரும்ப ஊற்றினேன். புட்டியைக் கட்டி எறிந்துவிட்டேன். அதிலிருந்து நிரப்பிய இரண்டு பேனாக்களைக் கழற்றித் தண்ணீரில் போட்டிருக்கிறேன். இன்றோடு மூன்றாவது நாள், தண்ணீர் இன்னும் பழுப்பாகத்தான் வருகிறது.