பிள்ளைகளோடு குடும்ப ஜெபம்: அப்பாமார் தொடங்குவது எப்படி

நாங்கள் இருப்பது பாறசாலைப் பக்கம். களியக்காவிளை வந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போக, எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். நான் இடறியதும் இந்த இடத்தில்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. போன வருடம் வரை வீட்டில் ஜெபம் நடத்தியது என் மனைவி. நான் கடைசியில் வந்து ஆமென் சொல்வேன். "அப்பாக்கு ஜெபம் பண்ணத் தெரியாதா?" என்று மகள் கேட்டாள். அடுத்த நாளே தொடங்கிவிட்டேன்.

முதல் படி: நேரம்

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். சாப்பிட்டபின் என்றால் சின்னது தூங்கிவிடும். ஒரு பாட்டு, பத்து வசனம், ஆளுக்கொரு சின்ன ஜெபம். மொத்தம் பதினைந்து நிமிடம் போதும்.

இரண்டாம் படி: எதை வாசிப்பது

மாற்கு சுவிசேஷம். நான்கு சுவிசேஷங்களில் சின்னது, 16 அதிகாரம்தான். நாளுக்குப் பத்து வசனம் என்று போனால் இரண்டரை மாதத்துக்குள் முடியும். பெரிய எழுத்தில் அச்சான வேதாகமம் வாங்குங்கள். கைபேசியில் வாசிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நடுவில் ஒரு மெசேஜ் வந்தால் அப்பாவின் கண் எங்கே போகிறது என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மூன்றாம் படி: பிள்ளையை வாசிக்க வைப்பது

சபைகளில் நாம் வாசிப்பது 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த தமிழ். சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் மட்டும் தமிழ் எழுத்துக்கூட்டப் பழகிய என் மகனுக்கு அது மலை ஏறுவது போல. இரண்டாம் அதிகாரத்தில் "திமிர்வாதக்காரன்" (பக்கவாதம் வந்தவன்) என்ற இடத்தில் நின்றுவிட்டான். மூன்று தடவை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. நான் சத்தம் போட்டுவிட்டேன். அதற்குப்பின் இரண்டு வாரம் ஜெபத்தில் அவன் வாயே திறக்கவில்லை.

பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்க்கும்படி எபேசியர் 6:4 சொல்வது பிதாக்களுக்கு. எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன்! ஒரு ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "மக்களே, அப்பா அன்னைக்கு உன்கிட்ட கத்தினது தப்பு, மன்னிச்சிரு" என்றேன். அப்புறம் எல்லோர் முன்னாலும் கர்த்தரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இதைத் தாண்டிப் போகாதீர்கள். அப்பா பாவ அறிக்கை செய்வதைப் பிள்ளை பார்ப்பதற்கு வீட்டைவிட்டால் வேறு இடம் இல்லை.

மறுநாள் ஒரு மலையாள வேதாகமமும் வாங்கி வந்தேன். நான் தமிழில் ஒரு வசனம், அவன் மலையாளத்தில் அதே வசனம். அதில் "பக்ஷவாதக்காரன்" என்று வந்ததும் அவன் முகம் தெளிந்துவிட்டது. "அப்போ அந்த ஆளை இயேசுகிட்ட கொண்டுபோக நாலு பேர் கூரையைப் பிரிச்சு இறக்கினாங்களே, அந்த வீட்டுக்காரருக்கு யாரு கூரை போட்டுக் கொடுத்தா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அன்றைக்குச் சாப்பாடு முடியும்வரை நாங்கள் அந்தக் கூரையைப் பற்றியே பேசினோம்.

தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் எளிது.

நான்காம் படி: வெளியே கூட்டிப்போவது

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர் அல்ல. ஆனாலும் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலுள்ள நட்டாலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். இரத்தசாட்சி தேவசகாயம் பிறந்த ஊர். 1745-ல் ஞானஸ்நானம் பெற்றவர், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. "அவருக்குப் பயமா இருந்திருக்காதா?" என்று மகன் பஸ்ஸில் கேட்டான். இருந்திருக்கும், பயத்தோடேயும் நிற்கலாம் என்றேன். அவன் பரீட்சைக்குப் போகும் முன் இப்போது அதை எனக்குத் திருப்பிச் சொல்கிறான்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு வளைகுடாவில் இருக்கும் ஒரு தகப்பன், தூரத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளோடு ஜெபிப்பது எப்படி என்று எழுதியிருந்தார். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே எட்டரை என்றால் அங்கே ஏழு, பலரும் வேலையிலோ வண்டியிலோ இருப்பார்கள். பத்து வசனத்தை வாட்ஸ்அப்பில் உங்கள் குரலில் பதிந்து அனுப்பிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை இருந்தால் அன்று வீடியோவில் சேர்ந்து ஜெபியுங்கள்.

ரப்பர் வெட்டுகிறவர் ஒருவர், விடியுமுன் தோட்டத்துக்குப் போவதால் இரவு எட்டுக்கே கண் சொருகுகிறது என்றார். உபாகமம் 6-ல் வழியில் நடக்கும்போதும் பேசச் சொல்லியிருக்கிறதே, இரவில்தான் என்று இல்லை. விடுமுறை நாளில் ரப்பர் பால் எடுக்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போங்கள் என்று எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. பால் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வரும்போது மகள்தான் முதலில் பாட ஆரம்பித்தாளாம்.