ஷாடேயைக் கேட்கத் தொடங்குவோருக்கு

பிரிட்டனின் ஜாஸ் கலந்த பாப் இசைக்குப் புதியவர்கள், ஷாடே குழு 1994-இல் வெளியிட்ட 'தி பெஸ்ட் ஆஃப் ஷாடே' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். 1984 முதல் 1992 வரை வந்த நான்கு ஆல்பங்களின் பாடல்களே பெரும்பாலும் அதில் கால வரிசைப்படி அமைந்திருப்பதால், வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியை நிறுத்திவிட்டுக் கேட்டால், குழுவின் இசை ஆண்டுக்கு ஆண்டு சிக்கனமாகிக்கொண்டே போவது தானாகப் புலப்படும். (ஷாடே என்பது பாடகி ஷாடே அடூவின் பெயர் மட்டுமன்று, குழுவின் பெயரும் அதுவே.)

ஒருமுறையாவது ஹெட்போன் அணிந்து, குரலைச் சற்றே மறந்து, பால் டென்மனின் பேஸ் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். பாட்டின் நடையை அதுவே தாங்குகிறது. ஸ்டூவர்ட் மேத்யூமனின் சாக்ஸபோனோ, 'யுவர் லவ் இஸ் கிங்' பாடலின் தொடக்கத்திலேயே முந்திக்கொண்டு வந்து, குரல் எழுந்ததும் நாகரிகமாக ஒதுங்கி நிற்கிறது.

ஆயினும் தொகுப்புகளில் சில பாடல்கள் சுருக்கப்பட்ட வடிவில் இடம்பெறுவது வழக்கமாதலால், மனத்துக்குப் பிடித்த பாடலின் நேர அளவை மூல ஆல்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 'டயமண்ட் லைஃப்' ஆல்பத்தில் 'ஸ்மூத் ஆபரேட்டர்' பேச்சு வரிகளோடு தொடங்கும். அந்த முன்னுரையை இழப்பது நட்டமே என்பது என் கருத்து. 2000-க்குப் பிந்தைய பாடல்களும் வேண்டுமெனில், 2011-இல் வந்த 'தி அல்டிமேட் கலெக்‌ஷன்' பொருந்தும்.