பழைய முற்றத்தின் மேல் எடை குறைந்த கண்ணாடிக் கூரை அமைப்பது எப்படி

கூரையை வரையும் முன் சுவரைச் சோதியுங்கள். கீழ்நோக்கி வரும் சுமையைப் பழைய சுவர் பெரும்பாலும் தாங்கிவிடும். வளைந்த கூரை பக்கவாட்டில் தள்ளுவதைத்தான் தாங்காது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 2000-இல் திறக்கப்பட்ட கூரை, ஓரங்களில் நகரும் தாங்கிகள் மேல் நிற்பது இதனால்தான். அப்படிச் செய்தால் அந்தத் தள்ளலைக் கூரையின் எஃகே ஏற்க வேண்டும், எஃகு கனக்கும்.

எடை குறைய வேண்டுமென்றால் பார்க்க வேண்டிய மாதிரி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர வரலாற்று அருங்காட்சியகம். அதன் ‘எல்’ வடிவ முற்றத்துக்குப் பொறியாளர் யோர்க் ஷ்லைக் 1989-இல் அமைத்த கூரையில் 60×40 மி.மீ. எஃகுப் பட்டைகள் சுமார் 1.17 மீட்டர் சதுரங்களாக ஓடுகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மீட்டருக்கு 19 கிலோ, சதுர மீட்டருக்கு 1.7 மீட்டர் பட்டை, ஆக 32 கிலோ. 5+5 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி, அதாவது நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரு தகடுகள், 25 கிலோ (ஒரு மி.மீ. தடிமனுக்கு 2.5). மொத்தம் சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்குள்.

சதுரம் மட்டும் போதாது. மூலைகளில் ஒற்றை போல்ட் என்றால் அது சாய்சதுரமாகச் சரியும். மூலைவிட்டமாக இரு திசையிலும் கம்பிவடம் இழுத்து முக்கோணங்களாக்க வேண்டும். வடத்தில் முன்னிழுவிசை (கட்டும்போதே இழுத்து ஏற்றிவைக்கும் விசை) குறைந்தால், காற்றிலோ பனியிலோ ஒரு பக்க வடம் தொய்ந்து கூரை நெளியும். நீண்ட பீப்பாய் வளைவுக்கு (அரை உருளை வடிவக் கூரைக்கு) இதுவும் போதாது. ஒருபக்கப் பனிச்சுமைதான் அதன் எதிரி. அதற்காகவே ஹாம்பர்க்கில் சக்கர ஆரங்கள் போல விசிறி வடங்கள் கட்டியிருக்கிறார்கள்.

கண்ணாடியில் சிக்கனம் வேண்டாம். தலைக்கு மேல் ஒற்றைத் தகடு டஃபன்டு கண்ணாடி (சூடாக்கி வேகமாகக் குளிர்வித்து வலுவேற்றியது) கூடவே கூடாது: உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகளால் தானாகவே உடைந்து கீழே கொட்டக்கூடும். லேமினேட் செய்தும் இரு தகடும் டஃபன்டாக இருந்தால், இரண்டும் உடைந்தபின் ஈரத்துணி போலத் தொங்கும். ஹீட்-ஸ்ட்ரெங்தன்டு தகடுகள் (சூடாக்கி, டஃபன்டைவிட மெதுவாகக் குளிர்வித்தவை) பெரிய துண்டுகளாக உடைந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்; மாற்றும் வரை தாங்கும்.

30 மீட்டர் எஃகு 40 டிகிரி வேறுபாட்டில் 14 மி.மீ. நீளும். கூரைக்கும் சுவருக்கும் இடைவெளியை மூடும் சுவரோரத் தகரத்தை இரு பக்கமும் இறுக்கிவிட்டால் முதல் கோடையிலேயே கிழியும், அடுத்த மழையில் ஒழுகும். அங்கே நெகிழும் இ.பி.டி.எம். (வெயில் மழை தாங்கும் செயற்கை ரப்பர்) பட்டை போடுங்கள். உச்சி தட்டையாக இருந்தால் நீர் தேங்கும். சாய்வை வரைபடத்தில் அல்ல, கண்ணாடி ஏறித் தொய்ந்தபின் உள்ள வடிவத்தில் சரிபாருங்கள். வெப்பமும் புகையும் வெளியேறத் திறப்புகள் உச்சியில் வேண்டும்.

கண்ணாடி பதிக்கும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள்; இரு ஓரங்களிலிருந்தும் சமமாக உச்சிக்கு ஏறுங்கள். வடங்களின் இழுவிசையை எடை முழுவதும் ஏறியபின் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.