அவுட்பேக் கோடையில் நாம் செய்யும் தவறுகள்

"வேலூர் வெயிலையே பார்த்தாச்சு, இது என்ன?" அங்கே கோடையான டிசம்பர், ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் அவுட்பேக் என்னும் வறண்ட உள்நாட்டுப் பகுதியில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர்ப் பக்கம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு இந்த நினைப்புதான். நானும் இதே நினைப்போடுதான் போய் இறங்கினேன்.

நம் ஊரில் வெயில் தன்னைக் காட்டிக்கொள்ளும். சட்டை முதுகோடு ஒட்டும், கழுத்தில் வியர்வை வழியும், நாமே நிழல் தேடி ஒதுங்கிவிடுவோம். நடு ஆஸ்திரேலியாவில் காற்று வறண்டு கிடக்கிறது. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே இருக்கும். 'அப்படி ஒன்றும் வியர்க்கவில்லையே' என்று நடந்துகொண்டே இருப்போம். முதல் நாள் மாலை பையைக் கழற்றிப் பார்த்தபோது, தோள்பட்டையில் வார் அழுத்திய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவ்வளவும் என் உடம்பிலிருந்து போனது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கோடையில் நடக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது அங்குள்ள தேசியப் பூங்காக்களில் சொல்லும் கணக்கு. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தவறுதான். ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரை போகும். மருந்துக் கடைகளில் ஹைட்ராலைட் மாதிரி உப்புக் கரைசல் கிடைக்கும். கூடவே உப்புக் கடலையும் கொறிக்கலாம். குழாய் வைத்த தண்ணீர்ப் பை என்றால் ஒரு சின்ன விஷயம்: வெயில் படும் குழாயில் நிற்கும் தண்ணீர் டீ மாதிரி கொதிக்கும். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் குழாய்க்குள் ஊதி, மிச்சத்தைப் பைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. உச்சி வெயில் தாழ்ந்ததும் மூன்று, நாலு மணிக்குக் கிளம்பலாம் என்று நினைக்கிறோம். அங்கே பெரும்பாலும் வெப்பம் உச்சத்தில் இருப்பதே அந்த நேரத்தில்தான். பகலெல்லாம் காய்ந்த பாறையும் அனலைத் திருப்பி வீசும். விடியலில் தொடங்கி முற்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். உலுரு என்ற பெரும் பாறையைச் சுற்றி வரும் 10.6 கி.மீ. நடையை வெயில் காலத்தில் 11 மணிக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளில், 36 டிகிரி வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் காற்றுப் பள்ளத்தாக்கு (Valley of the Winds) நடைப்பாதையை 11 மணிக்குக் 'கரு' (Karu) என்ற காட்சிமுனையோடு அடைத்துவிடுவார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜனவரியின் சராசரி பகல் வெப்பமே 36 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தடுப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். லாராபின்டா மாதிரி பல நாள் நடைப்பாதையைக் கோடையில் தொடவே கூடாது. அதற்கு மே முதல் ஆகஸ்ட் வரை காலம் இருக்கிறது.

கூட வருபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ, 'கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்' என்று விடாதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே அவசர உதவி எண் 000-வை அழையுங்கள். காய்ந்த ஆற்று மணலில் கூடாரம் போடுவதும் ஆபத்து. எங்கோ பெய்த கோடை மழை இரவில் வெள்ளமாக வந்து சேரும். ஈக்களுக்கு முகவலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் வாயைத் திறக்க முடியாது.

உயிரை வாங்கும் தவறு வேறொன்று: வண்டி நின்றுபோனதும் உதவி தேடி நடக்க ஆரம்பிப்பது. வரைபடத்தில் விரல் நீளம் தெரியும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் – உலுரு சாலை 450 கி.மீ.க்கும் மேல். ஊரைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. நடந்து போகிறவர் சில மணி நேரத்திலேயே சுமந்த தண்ணீரைத் தீர்த்துவிடுவார். வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டியின் கூரை கண்ணில் படும், புதர் நடுவே நிற்கும் மனிதர் படமாட்டார். வண்டியை விட்டு நகராதீர்கள். ஆனால் உள்ளே உட்கார வேண்டாம், அது அடுப்பு. பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டி அந்த நிழலில் இருங்கள்.

இதற்கெல்லாம் கிளம்பும் முன்பே ஏற்பாடு வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர், அதுவும் ஒரே கேனில் இல்லாமல் நாலைந்தில் பிரித்து. எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும், திரும்பியதும் மறக்காமல் அவருக்குத் தகவல் தர வேண்டும். அப்புறம், கையடக்க அவசர பீக்கன் ஒன்று. செயற்கைக்கோளுக்கு நேரே சிக்னல் அனுப்பும், செல்போன் டவர் தேவையில்லை. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் அதை இலவசமாகப் பதியலாம். பதிந்திருந்தால், நீங்கள் பொத்தானை அழுத்தியதும் வீட்டாருக்கு போன் செய்து எந்தப் பக்கம் போனீர்கள் என்று விசாரிப்பார்கள். அந்த வீட்டு எண் இந்தியாவில் இருந்தால், விஷயம் தெரிந்த ஒருவரின் ஆஸ்திரேலிய எண்ணையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.