படம் அச்சுக்கா, இணையதளத்துக்கா? சிறுதொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சாகி வரும்போது கலங்கி, ஓரம் வெட்டுப்பட்டு நிற்கிறது. அதே படத்தை இணையதளத்தில் ஏற்றினால் பக்கம் திறக்கவே நேரம் பிடிக்கிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரே கோப்பை எல்லா வேலைக்கும் அனுப்புவது. அச்சுக்கு நிறைய பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள்) வேண்டும். இணையதளத்துக்குக் கோப்பு சிறிதாக இருக்க வேண்டும். கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு, அதிலிருந்து அச்சுக்கு ஒரு பிரதி, தளத்துக்கு ஒரு பிரதி என்று எடுங்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்தி அதன் மேலேயே சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். மூலம் பத்திரமாக இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

பிக்சல் கணக்கு பார்க்காமல் அனுப்புவது

அச்சிடப்போகும் அளவை அங்குலத்தில் எடுத்து 300-ஆல் பெருக்குங்கள். 4×6 படத்துக்கு 1200×1800 பிக்சல், 8×10-க்கு 2400×3000, 12×18-க்கு 3600×5400 வேண்டும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்குத்தான் இந்தக் கணக்கு. சுவரில் மாட்டி எட்ட நின்று பார்ப்பதென்றால் அங்குலத்துக்கு 150 முதல் 200 பிக்சல் இருந்தாலே போதும்.

"டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண்) 72 என்று காட்டுகிறது, 300 என்று மாற்றிவிட்டேன், சரியாகிவிடும்" என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்த எண் கோப்புக்குள் எழுதிவைத்த ஒரு குறிப்பு மட்டுமே. அதை மாற்றுவதால் படத்தில் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையையே மாற்றும்) தேர்வை இயக்கிவிட்டு மாற்றினால் மென்பொருள் இடைப்பட்ட பிக்சல்களை ஊகித்து நிரப்பும். அளவு பெரிதாகும், விவரம் அதிகமாகாது.

இன்னொன்று, படத்தை மெசேஜ் செயலி வழியாக அச்சகத்துக்கு அனுப்புவது. சாதாரணமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கிய படம் 300 கணக்கில் ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் தாங்கும். ஏ4 அளவில் அடித்தால் முகங்களும் எழுத்துகளும் கலங்கித் தெரியும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது கிளவுட் லிங்க் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டையும், இணையதளத்திலிருந்து இறக்கிய பிரதியையும் அச்சுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பக்க விகிதத்தை மறப்பது

பெரும்பாலான ஃபோன்கள் 4:3 விகிதத்தில் படம் எடுக்கும். டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பெரும்பாலும் 3:2. ஃபோன் படத்தை 6 அங்குல அகலத்துக்குக் கொண்டுவந்தால் உயரம் 4½ அங்குலம் வரும். 4×6 தாளில் அடிக்கும்போது அந்த அரை அங்குலம் போய்த்தான் ஆக வேண்டும். 3:2 படத்தை 8×10-இல் அடித்தால் நீளத்தில் 2 அங்குலமே போய்விடும். எதை வெட்டுவது என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் இயந்திரம் நடுவை வைத்துக்கொண்டு இரு ஓரத்தையும் சமமாக வெட்டும். தலை உச்சியும் லோகோவும் போவது இப்படித்தான். எனவே அச்சு அளவுக்கு நீங்களே கிராப் செய்து அனுப்புங்கள். பார்டர் இல்லாத அச்சு கேட்டால் சுற்றிலும் சில மில்லிமீட்டர் கூடுதலாகப் போகும். முக்கியமான எதையும் ஓரத்தை ஒட்டி வைக்காதீர்கள்.

திரை வெளிச்சத்தை நம்புவது

அச்சு இருட்டாக வந்துவிட்டது என்பதுதான் அடிக்கடி வரும் புகார். பழி அச்சகத்தின் மேல் விழும். ஆனால் பல நேரம் குற்றவாளி திரைதான். திரை தானே ஒளி விடுகிறது. தாளோ அறையின் வெளிச்சத்தைத் திருப்பித்தான் அனுப்ப முடியும். முழு பிரைட்னஸில் வைத்துத் திருத்திய படத்தில் நிழல் பகுதிகள் கண்ணுக்குப் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகத் தோன்றும், தாளில் அவை கறுத்துப்போகும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சம் படும்படி பிடியுங்கள். இரண்டு வெள்ளையும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்று வைத்துக்கொள்ளலாம். இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதியை, திருத்தும்போது கட்டாயம் அணைத்துவிடுங்கள். பெரிய அளவில் அடிப்பதற்கு முன் அதே படத்தை 4×6-இல் மூன்று விதமாக அடித்துப் பாருங்கள்: உள்ளபடி ஒன்று, வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்) கூட்டி ஒன்று, மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. படம் மாட்டப்போகும் இடத்து வெளிச்சத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். இந்தச் சின்னச் செலவைத் தவிர்க்கப்போய்ப் பெரிய பிரேம் படத்தை வீணாக்குவது வருத்தமான விஷயம்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஃபோட்டோ லேபுக்கு எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளும் லேபுகளும் பயன்படுத்தும் நிற முறை) ஜேபெக் கொடுங்கள், எந்த நிற முறை என்று சொல்லும் நிற புரொஃபைலைக் கோப்பிலேயே சேர்த்துச் சேமியுங்கள். இன்னும் அதிக நிறங்களைக் கொள்ளும் அடோபி ஆர்ஜிபியில் சேமித்த கோப்பை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும் இயந்திரம் அதைச் சோகையாக அடிக்கும். பிரசுரம், விசிட்டிங் கார்டு போன்ற ஆஃப்செட் (தட்டு வைத்து மொத்தமாக அச்சடிக்கும்) வேலைகளின் கதை வேறு. அங்கே சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை) நிற முறை, சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) வேண்டும். பளிச்சென்ற நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கேவில் மட்டுப்படும் என்பதால் மாற்றிய பிறகு எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சிறிய எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் வையுங்கள். நான்கு மையிலும் வைத்தால், ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தட்டுகள் இம்மி பிசகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

வீட்டு பிரிண்டரில் நடப்பவை

கிளாஸி தாளை வைத்துவிட்டு செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று விட்டுவிடுவது முதல் தவறு. எவ்வளவு மை விட வேண்டும் என்பதைப் பிரிண்டர் அந்தத் தேர்வை வைத்துத்தான் முடிவு செய்கிறது. இரண்டாவது, திருத்தும் மென்பொருளும் பிரிண்டர் டிரைவரும் இரண்டுமே நிறத்தைச் சரிசெய்வது. விளைவு, தோல் நிறம் சிவந்து வழியும். ஒன்றில் இயக்கினால் மற்றதில் அணையுங்கள். படத்தில் குறுக்குக் கோடுகள் விழுந்தால் முதலில் நாசில் செக் (மை வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பக்கம்) அடித்துப் பாருங்கள். சோதனைப் பக்கத்தில் கோடு விடுபட்டிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங் (அந்தத் துளைகளைச் சுத்தம் செய்யும் வசதி) செய்யுங்கள், அது மையைக் குடிக்கும். இங்க்ஜெட் அச்சை 24 மணி நேரம் காயவிட்டுப் பிரேம் போடுங்கள். படம் கண்ணாடியைத் தொடாதபடி இடையில் ஒரு மவுன்ட் அட்டை இருக்கட்டும். தொட்டால் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கிழிக்காமல் எடுக்க முடியாது.

தளத்தில் அச்சுக் கோப்பையே ஏற்றுவது

அச்சுக்குப் பொருத்தமான பல எம்பி படம் தளத்துக்குச் சுமை. முழு அகல பேனருக்கு 1920 பிக்சல், பொருள் படத்துக்கு 1000 முதல் 1200 பிக்சல் அகலம் போதும். வெப்பி (WebP, இணையத்துக்கான சிறிய பட வடிவம்) வடிவிலோ, சேமிக்கும்போது கேட்கும் தர அளவில் 75–80 வைத்து ஜேபெக்காகவோ சேமித்தால் பல படங்கள் 200 கேபிக்குள் அடங்கும். பக்கத்தின் பெரிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், அந்தப் பெரிய உள்ளடக்கம் பெரும்பாலும் மேலே இருக்கும் படம்தான். கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் (பார்ப்பவர் அருகே வரும்போது மட்டும் படத்தை இறக்குவது) நல்லது, முதல் படத்துக்கு வைத்தால் தாமதம்தான் கூடும். படத்தின் அகல உயரத்தைப் பக்கத்தின் நிரலில் (code) குறிப்பிடாவிட்டால், படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்கும், பார்ப்பவர் வேறு பட்டனைத் தொட்டுவிடுவார்.

வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஃபோன் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் பதிந்திருக்கலாம். ஏற்றுமுன் நீக்குங்கள்.

விலைப்பட்டியல், தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் இவற்றைப் படமாகச் செய்து போடுவது பரவலான பழக்கம். ஃபோனில் பார்ப்பவர் எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் படிக்காது, தேடுபொறியும் அதை நம்பகமாகப் படிக்காது. எழுத்தாகவே போடுங்கள். படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விவரம்) எழுதும்போது படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், "கைத்தறிப் பருத்தித் துண்டு, நீலக் கரை" என்பது போல. தேடல் சொற்களை அடுக்குவதால் பயனில்லை. மெட்டா கீவேர்டை (பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்களை) தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

தளம் தேடலில் வரவே இல்லையென்றால், விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன் ஓர் இடத்தைப் பாருங்கள். உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியதென்றால், அதன் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் டிக் பெட்டி இருக்கிறது. தளம் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்திருப்பார்கள். கூகுளின் சர்ச் கன்சோல் (தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி) பக்கத்தில் முகவரியைக் கொடுத்துப் பார்த்தால் தடை இருப்பது தெரிந்துவிடும்.

அச்சில் போடும் கியூஆர் குறி

கார்டில் கியூஆர் குறியை 2 செ.மீ.-க்குக் குறையாமல் வையுங்கள். சுவரொட்டியில் எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும்: 2 மீட்டர் என்றால் 20 செ.மீ. சுற்றிலும், குறியில் உள்ள சின்னக் கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். வெளிர் பின்னணியில் அடர் நிறமே நம்பகம். இலவச டைனமிக் கியூஆர் (வேறு நிறுவனத்தின் முகவரி வழியாகத் திருப்பிவிடும் குறி) சேவை நின்றுபோனால் அச்சடித்த கார்டெல்லாம் வீண். உங்கள் சொந்த டொமைனில் ஒரு சின்ன முகவரியைக் குறியில் வைத்து, அங்கிருந்து வேண்டிய பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். முகப்புக்கு அனுப்பாமல், அச்சில் காட்டிய பொருளின் பக்கத்துக்கே அனுப்புங்கள். திருப்பிவிடும் முகவரியில் யூடிஎம் குறிப்பை (வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று காட்ட முகவரியின் முடிவில் சேர்க்கும் சொற்கள்) சேர்த்தால் கார்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தனியாகத் தெரியும். மொத்த எண்ணிக்கைக்கும் ஆர்டர் கொடுக்குமுன், லேமினேஷனோடு ஒரு மாதிரி அடித்து, பழைய ஃபோன் ஒன்றில் மங்கல் வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து பாருங்கள்.